பஞ்சுவுக்கு ஓர் இடம்

அந்த மனிதர் எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்று எலிக்குப் புரியவில்லை. ரயிலில் கூட்டம். எதிரெதிராக நாலு இருக்கை; அதில் எலியும் அவள் தோழிகள் ரெண்டு பேரும். எலியின் பக்கத்து இருக்கை காலி. நனைந்த குடையோடு வந்தவர் அதில் உட்காரக் குனிந்தார், சட்டென்று நிமிர்ந்தார், "மன்னிக்கணும், ஆள் இருக்கறதைக் கவனிக்கலை" என்று அந்த ஊர்ப் பாஷையில் சொல்லிவிட்டு, மலையடிவாரம் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

எலி பக்கத்தில் பார்த்தாள். ஏறியதும் தன் மஃப்ளரை அவிழ்த்து அந்த இருக்கையில் போட்டிருந்தாள். யோசித்துப் போட்டதில்லை, பழக்க தோஷம். அதைப் பார்த்துவிட்டு அவர் விலகியிருந்தால் சரி. ஆனால் மஃப்ளர் எப்போதோ நழுவித் தரையில் கிடந்தது. இருக்கையில் ஒன்றுமே இல்லை.

எலி என்பது விடுதியில் வைத்த பேர். கல்லூரி நாட்களில் ஒரே அறையில் நாலு பேர்: எலி, பஞ்சு, சித்தி, வக்கீல். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பேர்கள் வகுப்பில் ஆஜர் சொல்வதற்கு மட்டும்தான் பயன்பட்டன. சித்தி எல்லோரையும் மிரட்டிச் சாப்பிட வைப்பவள். வக்கீல் சட்டம் படித்தவள் இல்லை, அந்தப் பட்டம் வாயால் வந்தது. பஞ்சு ஊதினால் பறந்துவிடுவாள் போல இருப்பாள். எங்கேயும் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. வகுப்போ, பஸ்ஸோ, சினிமாவோ, எலிதான் முன்னால் ஓடிப் போய்த் துப்பட்டாவைப் போட்டு அவளுக்கு இடம் பிடிப்பாள். கடைசி நிமிஷத்தில் இரைக்க இரைக்க ஓடி வரும் அந்த மகாராணி, நன்றி கின்றி ஒன்றும் சொல்லாமல், "நகரு டி" என்று இடுப்பால் ஓர் இடி இடித்து உட்காருவாள்.

மேல்படிப்புக்கும் அப்படித்தான். எலி முதலில் இந்த வெளிநாட்டுக்கு வந்தாள். ரெண்டு கட்டில் போட்ட அறையாகப் பார்த்து எடுத்தாள். பஞ்சுவுக்கும் அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, விசா வந்தது, டிக்கெட் போட்டாகிவிட்டது. அதற்குள் ஒரு காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். பாவி, இந்த ஒரு தடவை மட்டும் யாரையும் காக்க வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எலியால் ஊருக்குப் போக முடியவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த ரெண்டாவது கட்டிலில் இன்னும் விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறாள். வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று வீட்டுக்காரம்மா கேட்கும்போதெல்லாம், "என் ஃப்ரெண்ட் வருவா" என்கிறாள். இது காதில் விழுந்துதான் சித்தியும் வக்கீலும் லீவு போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். ஊர் சுற்றிப் பார்ப்பது ஒரு சாக்கு.

மலைக்கு ரோப் கார். மத்தியானம்தான், ஆனாலும் பனிமூட்டம் இறங்கி விளக்குப் போட வேண்டியதாகிவிட்டது. மேலே ராட்சசச் சக்கரம் ஒன்று முனகிக்கொண்டே சுழன்றது. மசகெண்ணெயும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. ஒவ்வொரு பெட்டியாக வந்து, நிற்காமல் ஊர்ந்தபடியே கதவைத் திறந்தது. பெட்டிக்கு நாலு பேர். இவர்கள் மூவரும் ஏறியதும், பின்னால் தனியாக நின்ற ஒரு பெண்மணி தானும் ஏறிக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஊழியர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, கையைக் குறுக்கே நீட்டினார்.

"இடம் இல்லைம்மா. அடுத்ததில் வாங்க."

"கண்ணுல என்ன கோளாறோ இந்தாளுக்கு" என்றாள் வக்கீல். "நமக்கு நல்லதாப் போச்சு. காலை நீட்டிக்கலாம்."

எலி தன் பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக, ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது.

பெட்டி தரையை விட்டுக் கிளம்பியது. கொஞ்ச நேரம் மரங்களின் தலை தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. நாலு பக்கக் கண்ணாடிக்கும் வெளியே வெள்ளையாக ஒரு மூட்டம், மேலே கம்பியின் ரீங்காரம், ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் பல்லைக் கடித்ததுபோல் ஒரு கடகடப்பு. அந்தக் கடகடப்பு அடங்கும் இடைவெளிகளில், தன் பக்கத்திலிருந்து யாரோ ஓடி வந்து மூச்சு வாங்குவதுபோல் எலிக்குக் கேட்டது.

எதிரே சித்தியும் வக்கீலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வக்கீல்தான் ஆரம்பித்தாள்.

"இன்னைக்கே வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிடு எலி. அந்தக் கட்டிலைப் புதுசா வர்ற பொண்ணுக்குக் கொடுத்துடு."

"பார்க்கலாம்."

"என்னத்தைப் பார்க்கலாம்? உன் மூஞ்சியக் கண்ணாடியில பார்த்தியா? எங்களுக்குப் பஞ்சு போனதே தாங்கலை. நீயும் இப்படி ஆனா நாங்க யார்கிட்ட போய் அழறது?"

"அவளுக்குன்னு போட்ட இடம் டி. எப்படி எடுக்கச் சொல்ற?"

சித்தி அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்" என்றாள். குரல் உடைந்தது. "கடைசி நாள் நான்தான் பக்கத்துல இருந்தேன். சுயநினைவே இல்லை. எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருறா. 'எலி இடம் போட்டு வெச்சிருப்பா, விடுங்க, நான் போகணும்'னு அதையே சொல்லிட்டிருந்தா. நாலு பேர் பிடிச்சு அமுக்க வேண்டியிருந்தது."

எலி இத்தனை மாதம் அடக்கி வைத்ததெல்லாம் அப்போதுதான் வெடித்தது. முகத்தைப் பக்கத்து இருக்கைப் பக்கம் திருப்பிக்கொண்டு, நெஞ்சு விம்ம விம்ம அழுதாள். அழுகைக்கு நடுவே, எதிரே இருப்பவர்களுக்குக் கேட்காதபடி, வெறும் உதட்டால் சொன்னாள்.

"வந்துடு டி பஞ்சு. வேற இடம் இல்லைன்னா என் இடத்தை எடுத்துக்கோ."

பெட்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது.

"காத்து பலமா இருக்கு" என்று சித்தி கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். காற்று இல்லை. மூட்டம் அசையாமல் நின்றது. எலியின் மூக்கில் மல்லிகைத் தைல வாசம் ஏறியது, பஞ்சு தலைக்குத் தடவுவது, அதற்கு அடியில் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் மருந்து நெடி.

இடுப்பில் ஓர் இடி.

சின்ன இடி. பழகிய இடி. எலி அழுகையோடு சிரித்துவிட்டாள். ஐயோ, வந்துட்டாளே! திரும்பிப் பார்த்தால் போய்விடுவாளோ என்று பயந்து, பார்க்காமலேயே, எப்போதும் செய்வதுபோலக் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள். குளிர்ந்த தோள் ஒன்று தன் தோளோடு ஒட்டிக்கொண்டதை உணர்ந்தாள். இது போதும் என்று நினைத்தாள். இப்படியே இந்தப் பெட்டி போய்க்கொண்டே இருந்தால் போதும்.

இன்னோர் இடி.

நகர்ந்தாள்.

இன்னொன்று. இது பழகிய இடி இல்லை. எலும்பில் பட்டது.

"பஞ்சு, வலிக்குது டி."

இன்னொன்று.

நகர இடமில்லை. கண்ணாடி கன்னத்தில் அழுந்தியது. தோள் அழுந்தியது. விலா அழுந்தியது. கத்தினாள். கண்ணாடிக்கு அவ்வளவு நெருக்கத்தில் வாய் திறந்து கத்தியும், கண்ணாடியில் ஆவி படியவில்லை.

"அப்பாடா, அழுது முடிச்சியா?" என்றாள் சித்தி. எழுந்து வந்து, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துவிட்டாள். எலியின் கண்ணை இல்லை. பக்கத்தில் இருந்தவள் கண்ணை.

எலி திரும்பினாள்.

பஞ்சுதான். எலியின் கோட்டைப் போட்டுக்கொண்டு. எலியின் பையை மடியில் வைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரியில் வெட்டிய குட்டை முடி. மூக்கின் கீழ் குழாய் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் தடம். சித்தி அந்த முகத்தைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவுமே தெரியவில்லை.

"சித்தி! நான் இங்க இருக்கேன்! வக்கீல், என்னைப் பாரு டி!"

வக்கீல் பஞ்சுவைப் பார்த்துக் கண் கலங்கச் சிரித்தாள். "எலி, இனிமே அழக் கூடாது. சரியா?"

"சரி" என்றாள் பஞ்சு.

மேல் நிலையம் வந்தது. மூட்டத்தில் மஞ்சள் விளக்கு. கதவு திறந்தது. வக்கீல் இறங்கினாள், சித்தி இறங்கினாள், பஞ்சு இறங்கினாள். எலி எழுந்தாள். எழுந்ததாகத்தான் நினைத்தாள். இருக்கையிலேயே இருந்தாள். கை வரவில்லை. கால் வரவில்லை. பஞ்சு ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் போதும் என்று தோன்றியது. கோபமாகக்கூட வேண்டாம், சும்மா ஒரு பார்வை. இத்தனை மாதம் யாருக்காகச் செத்துச் செத்துப் பிழைத்தாளோ, அவள் திரும்பவே இல்லை.

கதவு இன்னும் மூடவில்லை. பெட்டி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மேடையில் பையிலிருந்த ஃபோன் அடித்தது. பஞ்சு எடுத்தாள். திரையில் எலியின் அம்மா. ஈரத் தலையில் துண்டு சுற்றியிருந்தது. எப்போதும்போல் முகத்தில் பாதிதான் தெரிந்தது.

"கண்ணு, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

"அம்மா!" என்று எலி அலறினாள். "அம்மா, அது நான் இல்லைம்மா! நல்லாப் பாரும்மா!"

அம்மா ஃபோனைக் கண்ணருகே கொண்டுவந்து நன்றாகத்தான் பார்த்தாள். அந்தக் குட்டை முடியை, அந்த பிளாஸ்திரித் தடத்தை. பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரித்தாள்.

"இத்தனை மாசமா யாரோ எவரோ மாதிரி பேசிட்டிருந்தே. வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தாண்டா தங்கம் என் பொண்ணு மாதிரி இருக்கே."

"ஆமாம்மா" என்றாள் பஞ்சு. சித்தி ஒரு பக்கமும் வக்கீல் ஒரு பக்கமும் அவள் கையைக் கோத்துக்கொண்டார்கள். மூன்று பேரும் ஃபோனைப் பார்த்துச் சிரித்தபடி படியிறங்கிப் போனார்கள்.

கதவு சாத்திக்கொண்டது. ஊழியர் கண்ணாடி வழியாக உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று கையசைத்தார். பெட்டி சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, காலியாக, மூட்டத்துக்குள் இறங்கியது.