பாதியில் விட்ட கட்டு

எம். புதுப்பட்டி போகிற சாலையில் இருக்கிறது, திருச்சபைக்குச் சொந்தமான அந்தச் சமூக நல மையம். முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. 'சென்டர்' என்றால் சுற்றுப்பட்டிக்கே தெரியும். காலையில் பாலர் வகுப்பு, பிற்பகலில் தையல், வெள்ளிக்கிழமை என்றால் தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றுவது. பட்டாசு வேலைக்குப் போகிற ஊர்களில் அந்தக் கடைசி வேலைக்குத்தான் கூட்டம் அதிகம்.

அருணாதேவி அங்கே பதினோரு வருடமாக நர்ஸ். சீழும் உரிந்த தோலும் பார்த்துப் பார்த்து மரத்துப்போன மூக்கு அவளுடையது. கட்டு மாற்றி முடித்ததும் கையைக் கழுவிவிட்டு அதே அறையில் உட்கார்ந்து சோறு சாப்பிடுவாள். தையல் பெண்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடுவார்கள்.

அந்த மூக்குக்கே அந்த வெள்ளிக்கிழமை காலை குமட்டியது.

கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கருகிய முடி, கந்தகம், அதற்கு அடியில் வெயிலில் கிடந்து ஊசிப்போன கறியின் வாடை. ஆயா பொன்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குப்பை வாளியைக் காட்டினாள்.

"அக்கா, இன்னைக்கும் கெடக்கு."

வாளிக்குள் ஒரு கட்டுத் துணி. ஈரமாக, மஞ்சளும் பச்சையுமாகச் சீழ் ஊறி, சுருண்டு கிடந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு. வெடிக்கு மருந்து அடைக்கிற கையில் ஒட்டிக்கொண்டு எத்தனை தேய்த்தாலும் போகாதே, அந்த அலுமினியத் தூள்.

"நேத்து சாயங்காலம் நாந்தானக்கா பினாயில் ஊத்திக் கழுவி வச்சேன். நீங்கதானே பூட்டுனீக?"

நான்காவது வாரம் இது. பொன்மணி ஒரு குச்சியால் துணியைத் தூக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா... சூடா இருக்கு."

அருணாதேவி அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக் கட்டினாள். யாருடைய கட்டு என்று அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாதவளாக நான்கு வாரம் ஓட்டியிருக்கிறாள். மனசாட்சியை ஏமாற்றுவதில் அவளும் கெட்டிக்காரிதான்.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. சபையின் சொத்துக் கமிட்டியில் இருக்கிற ஞானதுரையும், சென்டரை வாங்கப்போகிற பட்டாசுக் கம்பெனி முதலாளி சீனிவாசகமும் இறங்கினார்கள். இடித்துவிட்டுக் கோடவுன் கட்டப்போகிறாராம். வராந்தாவில் கட்டு மாற்ற வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விற்கக் கூடாது என்று கலெக்டருக்கு மனு எழுதி, சுருங்கிப்போன விரல்களால் கைநாட்டு வைத்தவர்கள் அவர்கள்தான். அவர்களைச் சமாதானப்படுத்த முதலாளி ஒரு காரியம் செய்திருந்தார். மட்டன் பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்திருந்தார்!

பிரியாணி. வெந்த சதையோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. ஒருவரும் தொடவில்லை. ஞானதுரை மட்டும் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே தின்ன ஆரம்பித்தார். எலும்பை உறிஞ்சுகிற சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. இந்த மனிதர்தான் ஞாயிறு காலையில் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்கிறவர்.

அருணாதேவி அவரைத் தனியாக அழைத்தாள்.

"இத வித்துட்டா இந்தச் சனம் எங்க போகும்? பெரியாஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் கூலி போயிருமே. சென்டர மூட மாட்டோம்னு அன்னைக்கு எனக்கு வாக்குக் குடுத்தீகளே."

ஞானதுரை உதட்டில் ஒட்டிய நெய்யை நாக்கால் துடைத்தார்.

"மனு எழுதிக் குடுத்ததே நீதானாமே? சபைக் கூட்டத்துல பேசப்போறேன்னும் சொன்னியாம். பேசு. ஆறு பேருன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்ட பேப்பரு எங்கிட்டத்தான் இருக்கு. மொதலாளி அண்ணாச்சி இந்த எடத்த ஏன் வாங்குறாருன்னு நெனைக்க? பின்னாடி கான்கிரீட் போட்டாத்தான் ஒனக்கும் நல்லது."

அவள் கண் பின்பக்கத்துக் காலி இடத்துக்குப் போனது.

மூன்று வருடத்துக்கு முன்னால், தீபாவளி சீசன். சீனிவாசகத்தின் ஆலையில் வெடித்து ஆறு பேர் போய்ச் சேர்ந்தார்கள். ஆம்புலன்ஸ்கள் போன பிறகு, சாயங்காலம், ஒரு லோடு ஆட்டோவில் ஏழாவது ஆளைக் கொண்டுவந்து டிரெஸ்ஸிங் அறை பெஞ்சில் கிடத்தினார்கள். மாரித்தாய். அப்போது அதே ஆலையில் வேலை பார்த்த பொன்மணியின் நாத்தனார். அன்று பொன்மணிக்குக் காய்ச்சல். சீசனில் ஒரு நாள் நின்றாலும் வேலை போய்விடும் என்று, அவளுடைய வேலை அட்டையில் மாரித்தாய் ஆள் மாற்றிப் போயிருந்தாள். எல்லா ஆலையிலும் நடக்கிற வழக்கம்தான். பதிவேட்டில் மாரித்தாய் பெயர் கிடையாது.

அவளுக்கு உயிர் இருந்தது.

"அக்கா, எரியுது... கட்டு போடுங்கக்கா," என்று அவள் முனகிக்கொண்டே இருந்தாள். அருணாதேவி கைகளுக்குக் கட்டு போட்டு, கழுத்துவரை வந்திருந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யப் போனபோது, லோடு ஆட்டோவோடு வந்திருந்த ஞானதுரை போனைப் பிடுங்கிக்கொண்டார். ஆறு என்று கலெக்டருக்குச் சொல்லியாகிவிட்டது, பதிவேட்டில் இல்லாத ஆள் வெளியே வந்தால் ஆலையே போய்விடும், முதலாளி பணம் நின்றால் சென்டரையும் மூட வேண்டியதுதான் என்றார். சென்டரை மூடினால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்னாகும் என்று அருணாதேவி நினைத்தாள். பத்துப் பேருக்காக ஒருத்தி என்று கணக்குப் போட்டாள். கட்டைப் பாதியில் விட்டு வெளியே வந்து நின்றாள். அந்த முனகல் அடங்க ஒரு மணி நேரம் ஆனது.

சென்டருக்குப் பின்னால் குழி தோண்டினார்கள். செத்தது ஆறு பேர்தான் என்று அருணாதேவி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மாரித்தாய் அன்று ஆலைக்கே வரவில்லை, வழியிலேயே எவனோடோ ஓடிப்போய்விட்டாள் என்று மறுநாளே ஊரில் பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் சென்டருக்குப் புது டைல்ஸ் வந்தது.

த்தூ!

"ரூமப் பாத்துட்டுப் போயிருவோம்," என்றபடி சீனிவாசகம் உள்ளே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கட்டட வரைபடம். அருணாதேவியும் ஞானதுரையும் பின்னாலேயே போனார்கள். பொன்மணி வாசலில் நின்றாள்.

நாற்றம் மறுபடியும் கிளம்பியது.

பெஞ்சின் மறு ஓரம் மெல்லத் தாழ்ந்தது.

யாரோ உட்கார்ந்தால் தாழ்வதுபோல.

சீனிவாசகம் திரும்பிப் பார்த்தார். காலியாக இருந்தது. ஏதோ தோளில் சாய்ந்ததுபோல அவர் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. பிடிமானத்துக்குப் பெஞ்சில் கையை ஊன்றினார். எடுக்க முடியவில்லை. இழுத்தார். நனைந்த துணி கிழிகிற சத்தத்தோடு கை வந்தது.

உள்ளங்கையோடு சேர்ந்து ஏதோ வந்தது. ஆறிய பாலின் மேல் படிகிற ஆடைபோல மெல்லியதாக, சுருக்கம் விழுந்து, சாம்பல் மினுமினுப்போடு. அதில் ரேகை ஓடியது. ஒரு நகமும் இருந்தது.

அது அவருடைய தோல் இல்லை.

ஞானதுரை தின்றதெல்லாம் டைல்ஸ் தரையில் வந்து விழுந்தது.

"அக்கா... எரியுது."

நான்கு பேருக்கும் கேட்டது. பொன்மணி வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள். "மாரி?" என்றாள். "எங்க மாரி கொரலுல்ல?"

கையை உதறிக்கொண்டே, பல் கிடுகிடுக்க, சீனிவாசகம் சொன்னார்: "அப்படி ஒரு ஆளே நம்ம கம்பெனியில இல்லையே!"

செத்தவள் தோள்மேல் சாய்ந்திருக்கிறாள், அப்போதும் அந்த வாய்க்கு அதுதான் வருகிறது. மூன்று வருடம் மனப்பாடம் செய்த வாக்கியம். அதைக் கேட்டபோது அருணாதேவிக்கு வந்தது பயம் இல்லை, அருவருப்பு. அந்த ஆள் மேலும், தரையில் முழங்காலிட்டு ஓங்கரித்த ஞானதுரை மேலும், எல்லாவற்றையும்விடத் தன் மேலும்.

அவள் வராந்தாவுக்கு வந்தாள். கட்டு மாற்றக் காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் நின்று சத்தமாகச் சொன்னாள்.

"மாரித்தாய் எவங்கூடவும் ஓடிப்போகல. அன்னைக்கு ஏழு பேரு. உசுரோட கொண்டாந்தாக. நான் பாதிக் கட்டுல விட்டுட்டேன். பின்னாடிதான் பொதச்சிருக்காக."

பொன்மணி வந்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, என் அட்டையில நாந்தானே அனுப்புனேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

போலீஸ் வந்து தோண்டியது. கைகளிலிருந்து கழுத்துவரை கட்டுத் துணி சுற்றிய எலும்புக்கூடு கிடைத்தது. பொன்மணி வீட்டார் அதை வாங்கிப்போய் முறைப்படி எரித்தார்கள். முதலாளியும் ஞானதுரையும் உள்ளே போனார்கள், அருணாதேவியும் போனாள். சபைப் பெரியவர்கள் வெட்கப்பட்டுக் கூடி, சென்டரை விற்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

ஜாமீனில் வந்த இரண்டாம் மாதம் அவள் வலது உள்ளங்கை உரிய ஆரம்பித்தது. தீ படவில்லை, வெந்நீர் படவில்லை. காரணம் தெரியவில்லை என்றார் டாக்டர். ஓயாமல் நீர் கசிந்தது, அந்த வாடையும் அடித்தது. அவள் தொட்ட சோற்றை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், ஒரு வெள்ளிக்கிழமை, மற்றவர்களோடு சென்டர் வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் காலியாகவே கிடந்தது. கூட்டம் நெருக்கியடித்தாலும் அங்கே யாரும் உட்காரவில்லை.

புது நர்ஸ் அனுப்பிரியா காரியாபட்டியிலிருந்து வந்த சின்னப் பெண். பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. அருணாதேவி முறை வந்ததும் உள்ளே கூப்பிட்டாள். கையைப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"ஏன்க்கா, கூட வந்தவங்க அங்கனயே நிக்காங்களே. அவுகளுக்கு மூஞ்சி பூராவும் புண்ணா இருக்கு, அதுக்கு மட்டும் கட்டே போடல. யாரு அவுக?"

அருணாதேவி திரும்பிப் பார்க்கவில்லை. அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்ல அவளுக்கு இனி வாய் வராது.

"அவளுக்கு மொதல்ல போடும்மா," என்றாள். "நான் இருந்துக்கிடுதேன்."

அனுப்பிரியா புதுக் கட்டுத் துணியைப் பிரித்துக்கொண்டே, "வாங்கக்கா, இங்கன உக்காருங்க," என்றாள். பெஞ்சின் மறு ஓரம் தாழ்ந்தது.