எறும்புகூட இதைவிட நல்லாக் கடிக்கும்

பையில் இரண்டு பிரஷ் இருந்தன. நீலம், தம்பி குணாளனுடையது. அவனுக்குத்தான் தொண்டையில் சதை வீங்கி மாதம் தவறாமல் காய்ச்சல் வந்தது. இன்று டான்சில் எடுக்கப்போவதும் அவனுக்குத்தான். சிவப்பு, புஷ்பலீலாவுடையது. பத்து வயது லீலாவின் தொண்டையில் ஒரு குறையும் கிடையாது. அவள் வகுப்புத் தலைவி. அந்தக் குரல் கேட்டால் பக்கத்து வகுப்புகூடக் கைகட்டி உட்காரும்.

"எம்மா, என் பிரஷ் எதுக்கு?"

"தம்பிக்குத் துணைக்கு இருக்கப்போறல்ல. பல்லு வெளக்காம நாறிக்கிட்டுக் கெடப்பியா?"

நியாயமான பதில். காலையில் பசியாறத் தோசையும் கிடைக்கவில்லை. தம்பி வெறும் வயிற்றோடு இருக்கையில் அக்கா தின்றால் அவன் ஏங்கிப்போவானாம். அதுவும் நியாயம்தான். தைப்பிங் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் வயிறு கூவியபோதெல்லாம், தன் முகத்தில் தியாகக் களை வந்துவிட்டதா என்று லீலா ஜன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

குணாளன் அழாமல் வந்ததே அவளால்தான். வீட்டில் அவனிடம் பொய் சொல்லத் தகுதியுள்ள ஆள் அவள் ஒருத்தியே. போன வருஷ ஊசி விஷயத்தில் அப்பா பெயரைக் கெடுத்துக்கொண்டார். அம்மா சொன்னால் பாதி நம்புவான். அக்கா சொன்னால் முழுசாக. அம்மா சொல்லிக்கொடுத்ததை அவன் காதுமடலை நீவிக்கொண்டே லீலா சொல்லியிருந்தாள்.

"டாக்டரு டார்ச் அடிச்சுப் பாப்பாரு. அப்புறம் ஐஸ்கிரீம். வலிக்கவே வலிக்காதுடா. எறும்புகூட இதைவிட நல்லாக் கடிக்கும்."

எறும்பு அவளுடைய சொந்தச் சரக்கு. கதவோரம் நின்று கேட்ட அம்மாவுக்கே அது பிடித்திருந்தது.

டாக்டர் சுவாவின் கிளினிக் ஒரு பழைய மரமாடி வீடு. மாடிக் கூடத்தில் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. தகரக் கூரைமேல் மழை, யாரோ மூட்டை மூட்டையாக அரிசி கொட்டுவதுபோல் விடாமல் கொட்டியது. பட்டப்பகலிலேயே விளக்கு போட்டிருந்தார்கள், அந்த வெளிச்சம் கட்டில் கம்பிகளின் நிழலைச் சுவரில் நீட்டி, அங்கே வரைந்திருந்த யானையின்மேல் கோடுகோடாகப் போட்டது. யானை ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டிருந்தது. வரைந்தவன் நாக்குக்குச் சிவப்பைக் கொஞ்சம் தாராளமாகவே பூசிவிட்டான். மருந்து நெடிக்கும் ஈரச் சாக்கு வாடைக்கும் அடியில் இன்னொன்று இருந்தது, கனிந்து கறுத்த வாழைப்பழம்போல ஒரு தித்திப்பு, கூடத்தின் கோடியிலிருந்த பச்சைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் அது வந்து நாக்கிலேயே உட்கார்ந்தது.

பக்கத்துக் கட்டிலில் ரொஹானா என்ற மலாய்ப் பெண், ஏழு வயது இருக்கும், ஒருக்களித்துக் கிடந்தாள். கன்னத்தின் கீழ் விரித்த துண்டில் இளஞ்சிவப்பாக எச்சில் ஊறியிருந்தது. அவளுடைய அப்பா போலீஸ்காரர்; பெரிய மீசை, கரகரத்த தொண்டை. மகளைப் பார்க்கத் தாங்காமல் சிகரெட் பிடிக்கக் கீழே போய்விட்டார்.

"கிட்டப் போய்ப் பேச்சுக் குடுக்காத," என்றாள், எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ், குணாளனுக்குப் பச்சை அங்கி மாட்டிவிட்டபடி. "மூணு நாளைக்கு அவளுக்குச் சத்தமே வராது."

மிஸ்ஸி நகர்ந்ததும் ரொஹானா கண் திறந்தாள். லீலாவை அவள் பார்க்கவில்லை. குணாளனைப் பார்த்தாள். வாய் திறந்தது. உதடு அசையவில்லை, நாக்கும் அசையவில்லை, ரத்தம் காய்ந்து அப்படியே கிடந்தது. ஆனால் உள்ளேயிருந்து, மீசை வைத்த மனிதரின் கரகரத்த குரல், மலாயில், கனிவாக வந்தது.

"அப்பா பொய் சொல்வேனா? ஒண்ணுமே செய்ய மாட்டாங்க. வா."

லீலா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே வாசலில், மழைக்கு ஒதுங்கி, போலீஸ்காரர் சிகரெட்டை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"எம்மா."

"என்னா?"

"அந்தப் பொண்ணு…"

"மயக்கத்துல ஒளறும். நீ சும்மா இரு லா, புள்ளைய பயமுறுத்தாத."

பச்சைக் கதவு திறந்தது. தித்திப்பு. மிஸ்ஸி கையை நீட்ட, குணாளன் கட்டிலை விட்டு இறங்கி, பாதி வழியில் நின்று, அம்மாவை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்தான்.

"மெய்யாவா க்கா? எறும்பு மாதிரிதானா?"

ஓடுடா என்று சொல்லியிருக்கலாம். வகுப்பை அடக்கும் குரலில் ஒரு கத்துக் கத்தியிருந்தால் போதும். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் திட்டு இல்லை, நம்பிக்கை இருந்தது. அதுதான் வினை.

"சத்தியமாடா," என்றாள் லீலா.

அவன் சிரித்துக்கொண்டே போனான்.

கதவுக்குப் பின்னால் முதலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்னச் சிரிப்பு, ரப்பர் காலணி தேயும் ஓசை, "அக்கா" என்று ஒரு தடவை, மூக்கைப் பொத்தினாற்போல. அப்புறம் மழை மட்டும். மழைக்கு நடுவே தட்டில் ஏதோ ஈரமாக விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று.

அவனை மிஸ்ஸி தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டிலில் கிடத்தினாள். துண்டு விரித்தாள். லீலா குனிந்து அவன் காதுமடலை நீவினாள். அது ஜில்லென்று இருந்தது.

"தம்பி. வலிக்குதாடா?"

அவன் கண் திறந்தான். அழவில்லை. வாயைத் திறந்தான். உள்ளே, இரு பக்கமும், கறுத்த இரண்டு குழி. அந்தக் குழிகளிலிருந்து லீலாவின் குரல் வந்தது. கணீரென்று, வகுப்பை அடக்கும் அதே குரல்.

"வலிக்கவே வலிக்காதுடா. எறும்புகூட இதைவிட நல்லாக் கடிக்கும்."

லீலா பின்வாங்கினாள். முதுகு எதன்மீதோ இடித்தது. மிஸ்ஸி. கையில் இன்னொரு பச்சை அங்கி. கொஞ்சம் பெரிய அளவு.

"அடுத்தது புஷ்பலீலா."

"எனக்கில்ல மிஸ்ஸி. நான் துணைக்கு வந்தவ. எம்மா, சொல்லும்மா!"

அம்மா பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒனக்கும் நாளைக்கு வரத்தானே செய்யும். ரெண்டு பேருக்கும் ஒரே தடவையா எடுத்துட்டா அலைச்சல் மிச்சம்னு அப்பாதான்…"

சிவப்பு பிரஷ். தின்னக் கிடைக்காத தோசை. பஸ் கண்ணாடியில் தெரிந்த அந்தத் தியாகி.

"பொய் சொல்லிட்டியா?"

"சொன்னா நீ வந்திருப்பியா?" அம்மா அவள் காதுமடலை நீவினாள். லீலா அந்த வித்தையைக் கற்றதே அவளிடம்தான். "அம்மா கதவுகிட்டயே நிப்பேன். ஒண்ணும் தெரியாது. என் தங்கம்ல."

கதவு மூடியபோது அம்மா கதவருகில் இல்லை.

விளக்கு. வட்டமாக, பெரிதாக. ரப்பர் காலணியில் தெறித்த சிவப்பு. மூடி போட்ட தட்டு. மூக்கின்மேல் துணி. வாழைப்பழம். வாழைப்பழம். வாயில் இரும்பு. யாரோ கால்களைப் பிடித்தார்கள். அம்மா என்று கத்தினாள். பாதிதான் வெளியே வந்தது.

விழித்தபோது மழை நின்றிருந்தது. தொண்டையில் இரண்டு தணல். கன்னத்தின் கீழ் துண்டு. ஓரமாக அம்மா, கிண்ணத்தில் ஐஸ்கிரீம் உருகிவிடாமல் கலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குணாளன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அதற்கப்பால் ரொஹானாவும். இருவரும் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலடிச் சத்தம்.

மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு பொடியன். நாலு வயது இருக்கும். அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, சுவரிலிருந்த யானையைப் பார்த்து வாய் பிளந்து நின்றான்.

"ஒண்ணுமே செய்ய மாட்டாங்க," என்றது ரொஹானாவின் வாய், கரகரவென்று.

"எறும்புகூட இதைவிட நல்லாக் கடிக்கும்," என்றது குணாளனின் வாய்.

பையன் விரலை விடவில்லை. உதடு பிதுங்கியது. அழப்போகிறான். நல்லது. அழு. ஓடு. லீலா எழுந்து உட்கார்ந்தாள். தொண்டை கிழிந்தாலும் சரி. மூச்சை இழுத்தாள். ஓடு. ஒரே வார்த்தை. ஓடு.

வாய் திறந்தது.

வந்தது அம்மாவின் குரல்.

"வாய்யா. என் தங்கம்ல."

இரு கையாலும் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் இளஞ்சிவப்பாக வழிந்தது. குரல் நிற்கவில்லை. "ஒண்ணும் தெரியாது. கதவுகிட்டயே நிப்பேன்." அம்மா தலை நிமிரவில்லை. கரண்டி கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

பையனின் உதடு நேரானது. பொத்திய கைக்கு மேலே தெரிந்த லீலாவின் கண்களைப் பார்த்து அவன் சிரித்தான். அப்பாவின் விரலை விட்டுவிட்டு, மழைச்சட்டை சரசரக்க, அவளை நோக்கி நடந்து வந்தான்.