ஆறு மில்லிமீட்டர்

மூன்றாவது முறையும் ஆறு மில்லிமீட்டர்தான் வந்தது.

நூல் கட்டிக் கார்ச் சக்கரங்களை நேராக்கும் நூல்காரர் அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்ட பட்டறையில், தகரக் கூரைமேல் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பழைய எண்ணெயும் ரப்பரும் நனைந்த சிமென்ட்டும் கலந்த வாடை தரையோடு படுத்துக் கிடந்தது. காரின் இரு பக்கமும் ஸ்டாண்டுகளில் இழுத்துக் கட்டியிருந்த வெள்ளை நூல் மட்டும், காற்றே புகாத அந்த மூலையில், யாரோ இப்போதுதான் விரலை எடுத்ததுபோல் அதிர்ந்துகொண்டிருந்தது. முன் சக்கரங்களை அவர் நேராக்கி நட்டை இறுக்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவற்றின் முன்விளிம்புகள் வெளிப்பக்கமாக விரிந்திருந்தன.

"என்ன மாஸ்டர், காருக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றார் வாசல் நாற்காலியில் இருந்த வாத்தியார். போன வாரம்தான் இந்தக் காரைப் பழையதாக வாங்கியிருந்தார்.

"மெஷினுக்குக் கம்பெனி அளவுதான் சார் தெரியும். இது ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தை இறக்குன வண்டி. நூல்தான் சரிப்படும்."

சொல்லிவிட்டு நூலை விரலால் நிறுத்தினார். சக்கரத்தைக் கழற்றியபோதே அவர் பார்த்துவிட்டார். வெட்டிய ஸ்பிரிங்கின் முனையை அரத்தால் ராவி, நகம்போல் மழமழவென்று ஆக்கியிருந்தது. அப்படிச் செய்கிறவன் ஒருவன்தான் இருந்தான், அவர் தம்பி. அவனுடைய சிவப்பு வண்டிக்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்டால் மட்டும் அது வேறு வண்டி ஆகிவிடுமா?

இறக்கிய வண்டியை, ஓட்டுகிறவரை உள்ளே உட்காரவைத்துத்தான் அளக்க வேண்டும். ஆள் ஏறினால் வண்டி இன்னும் அமுங்கும். அமுங்கினால் சக்கரம் விரியும்; விரிந்தால் வளைவில் வண்டி கைக்கு அடங்காது. தொழில் தெரிந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான் இது. வண்டியை இறக்கிய அன்று தம்பி இதே இடத்தில் நின்று, "அண்ணே, நான் உட்காரட்டுமா?" என்று கேட்டான். ஒரு கல்யாண வீட்டில் அவன் விளையாட்டாகச் சொன்ன ஒரு வார்த்தைக்காக அண்ணன் மூன்று மாதமாக அவனோடு பேசவில்லை. அன்றும் பேசவில்லை. காலி வண்டியை அளந்து, "சரி" என்று சாவியை மேஜைமேல் போட்டார். உட்காரு என்று ஒரு சொல். கடவுள் மனிதனிடம் அதற்குமேல் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. அவர் அதையும் கொடுக்கவில்லை.

மறுநாள் ஒரு வளைவில் வண்டி சுழன்று, பக்கவாட்டில் மரத்தில் மோதியது. முன் சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் அடங்கியபின் அவர் ஒருவராகவே போய், இருக்கையில் தம்பியின் எடைக்கு மணல் மூட்டையை வைத்து அளந்தார். ஆறு. அம்மாவிடம், "கண்ணுமண்ணு தெரியாம ஓட்டியிருக்கான்மா" என்றார். செத்த பிள்ளையை அம்மா இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது இந்த இருக்கையில் மூட்டை இல்லை. ஆள் இல்லை.

நட்டைத் தளர்த்தினார். நேராக்கினார். இறுக்கினார்.

க்றீச்.

ஸ்பிரிங் முனகியது. ஓட்டுநர் பக்கம் மெல்ல, மிக மெல்ல, அமுங்கியது. அலுத்து வந்த ஒருவர் உட்காருவதுபோல.

நூல் அதிர்ந்தது.

ஆறு.

கண்ணாடி இறங்கியிருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டார். இருக்கையின் மெத்தை குழிந்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"மாஸ்டர், முடிஞ்சுதா?" வாத்தியார் பின்னால் வந்து நின்றார். "ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களாம். நம்ம வீட்டு மகாராணி குழந்தையைத் தூக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. இன்னும் லேட்டாச்சுன்னா என்னை அங்கேயே அட்மிட் பண்ணிடுவாங்க."

சிரித்துக்கொண்டே அவரே நூலை அவிழ்த்து ஒதுக்கினார். கதவைத் திறந்து உட்கார்ந்தார். நல்ல கனத்த உடம்பு.

வண்டி ஒரு மயிரிழைகூட அமுங்கவில்லை.

"சார். இறங்குங்க."

"ஏன்?"

ஒரே வாக்கியம் போதும். இந்த வண்டியில என் தம்பி செத்தான், என்னாலதான் செத்தான். ஆனால் அது சாயங்காலத்துக்குள் அம்மாவின் காதுக்குப் போய்விடும். வாய் திறந்தது. வாத்தியார் புருவத்தை உயர்த்திக் காத்திருந்தார். நல்ல மனிதர், அவசரத்திலும் காத்திருந்தார்.

"ஒண்ணுமில்ல சார். மெதுவாப் போங்க."

"பச்சைக் குழந்தையோட வரப்போறேன், பறக்கவா போறேன்?"

வண்டி பின்னால் நகர்ந்து மழைக்குள் இறங்கியது. முன்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

வாத்தியார் சிரித்தபடி ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டிருந்தார்.

அதன்மேல் நான்கு கைகள் இருந்தன.