இரண்டாம் கட்டில் கேட்ட குரல்

பள்ளத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஹேமாவதி முடிவு செய்துவிட்டாள், இன்று கேட்டே விடுவது என்று. வைகாசி வெயில். தெருவில் ஆள் இல்லை. இருபுறமும் பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளின் மதிலோரம் மட்டும் துண்டு நிழல் கிடந்தது. அதை ஒட்டியே நடந்தாள்.

அவள் கணவன் விக்னேஸ்வரனுக்குக் கோட்டையூரில் சின்னதாக ஒரு எலக்ட்ரிக் கடை. மோட்டார் ரிப்பேர், வயரிங் வேலை. பக்கத்துக் கிராமத்தில் வீடு. கார்த்திகையில் அவர்களுடைய ஒரே மகள், ஆறு வயதுக் கனிஷ்கா, மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. இவள் அழுதால் அவன் எழுந்து வெளியே போவான். அவன் போனதும் இவள் தையல் மெஷினை ஆத்திரத்தோடு மிதிப்பாள். ஊசி உடையும். வேறு ஊசி மாட்டி மறுபடி மிதிப்பாள்.

பங்குனியில் மீனாள் திரும்பி வந்தாள்.

மீனாளைப் பற்றி ஹேமாவதிக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் விக்னேஸ்வரனே சொல்லியிருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள். அவள் செட்டியார் வீட்டுப் பெண், இவன் ஆசாரி வீட்டுப் பையன். விஷயம் வெளியே தெரிந்ததும் அவளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இப்போது புருஷன் இறந்து, பிள்ளையும் இல்லாமல், பூட்டிக் கிடந்த அப்பா வீட்டைத் திறந்து தனியாக இருக்கிறாள். வயரிங்கை மாற்ற விக்னேஸ்வரனைக் கூப்பிட்டாள்.

இரண்டு மாதமாகியும் அந்த வேலை முடியவில்லை.

வாசலில் அவனுடைய டிவிஎஸ் நின்றது. கதவு ஒருக்களித்திருந்தது. படியில் அவன் செருப்பும் ஒரு பெண்ணின் செருப்பும் அருகருகே கிடந்தன. ஹேமாவதி அவற்றைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனாள்.

வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. குளிர்ச்சி. வௌவால் எச்சத்தின் நெடியும் பழைய மரத்தின் வாசனையும். முகப்பைத் தாண்டியதும் நடுவீடான வளவின் முற்றத்தில் மட்டும் மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தது. அதன் ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நினைத்துவந்த மாதிரி இல்லை. இடையில் நான்கு ஆள் உட்காரலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டுக்குப் போகும் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விக்னேஸ்வரன் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆறு மாதமாக அவள் பார்க்காத சிரிப்பு.

“என்னங்க” என்றாள்.

சிரிப்பு அணைந்தது. அவன் திரும்பினான்.

“போச்சு. எல்லாத்தையும் கெடுத்துட்ட.”

“நான் கெடுத்தேனா? ஊரே சிரிக்குது. ஒயரு மாட்ட வந்த மனுசன் ஒக்காந்து கதவப் பாத்துக்கிட்டு இருக்கீக.”

“மெதுவாப் பேசு” என்றான் அவன். “பாப்பா உள்ள இருக்கா.”

மீனாள்தான் பிறகு சொன்னாள். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள். “முத நாள் வேலைக்கு வந்தப்ப போன்ல பாப்பா வீடியோவக் காட்டுனான். அழுதான். மறுநா மத்தியானம் நான் தனியா இருந்தேன். உள்ள ஒரு பிள்ளை குரல் கேட்டுச்சு. ‘அப்பா’ன்னு. நீங்க நம்ப வேண்டாம் ஹேமா. ஒக்காந்து கேளுங்க.”

ஹேமாவதி நம்பவில்லை. ஆனால் உட்கார்ந்தாள். அவள் உட்காராமல் எப்படிப் போவாள்?

அன்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் வந்தாள். தைக்க வந்த ரவிக்கைகள் வீட்டில் குவிந்தன. தினமும் மத்தியானம் அதே பஸ், அதே தெரு, அதே மூடிய கதவு. மகளுக்குப் பிடித்த இனிப்புச் சீயம் சுட்டு எடுத்துவந்து கதவடியில் வைத்தாள். “கண்ணு, அம்மா வந்திருக்கேன்டா” என்று கதவில் நெற்றியை வைத்துக் கூப்பிட்டாள். உள்ளே எங்கோ புறா சிறகடிக்கும். அவ்வளவுதான். கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் வெறும் கூடம், மூடிய அறைகள், கடைசியில் காலியாக ஒரு சமையல்கட்டு.

அவள் வராத ஒரு நாளில் குரல் கேட்டதாக விக்னேஸ்வரன் வந்து சொன்னான். சொல்லும்போது அவன் கண் பளபளத்தது. அவளுக்கு எரிந்தது. பத்து மாதம் சுமந்தவளிடம் வராத பிள்ளை, முன்பின் பார்த்தேயிராத ஒருத்தியின் வீட்டில் போய்ப் பேசுகிறதா?

“நான் இருந்தா மட்டும் ஏன் பேச மாட்டேங்குது?” என்று கேட்டாள்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான். “ஒம்மேல கோவமா இருக்கலாம். மேலு சுடுதுன்னு சொன்ன பிள்ளைய அன்னைக்கு ஸ்கூலுக்கு அனுப்புனது நீதான.”

ஆறு மாதமாக அவன் தொண்டையில் இருந்தது அதுதான். அவளுக்கும் தெரியும். ஆனாலும் காதால் கேட்டபோது, அடுப்பில் பொங்கிய பாலை இறக்கக்கூடக் கை எழவில்லை.

“இனிமே நீ அங்குட்டு வராத” என்றான்.

அவள் வரவில்லை, முன்வாசல் வழியாக.

அந்த வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. பின்பக்கத்துச் சின்னக் கதவு சமையல்கட்டில் போய்த் திறக்கும். அதன் மரம் உளுத்துப்போயிருப்பதை அவள் பின்தெருவில் போகும்போது முன்பே பார்த்திருந்தாள். மறுநாள் மத்தியானம் கதவைத் தோளால் தள்ளி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கரி படிந்த சுவரோடு ஒட்டி நின்றாள்.

தூரத்தில், மூடிய கதவுக்கு அப்பால், அவன் இருமுவது கேட்டது. மீனாளின் வளையல் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு ஈ மட்டும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஈயும் நின்றது.

“அப்பா.”

ஹேமாவதி சுவரில் கையை ஊன்றினாள்.

“சுத்துப்பா. இன்னொரு தடவ சுத்துப்பா.”

அவள் மகளின் குரல்தான். அந்த மூச்சிரைப்பும், கடைசியில் எகிறும் அந்தக் கீச்சும் அவளுக்குத் தெரியாதா? ஓடிப்போய் அள்ளிக்கொள்ள வேண்டும்போல் உடம்பு முழுக்க இழுத்தது. ஒரு எட்டு எடுத்தும் வைத்துவிட்டாள்.

“சுத்துப்பா” என்றது மறுபடி.

சுத்துப்பா.

கனிஷ்காவால் அப்படிச் சொல்ல முடியாது. ஐப்பசியில் அவளுக்கு மேல்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதன்பிறகு சாகும்வரை அவள் வாயில் ‘ச’ வரவில்லை. ‘துத்துப்பா, துத்துப்பா’ என்பாள். அதைக் கேட்பதற்காகவே இருவரும் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். ‘சுத்துப்பா’ என்று திருத்தமாகச் சொல்வது போனில் இருக்கும் கனிஷ்கா. அதற்கு முந்திய ஆடியில், அவன் இரு கையையும் பிடித்துச் சுற்றிவிட்டபோது எடுத்த வீடியோ. எடுத்தவள் ஹேமாவதி.

“அப்பா. இன்னொரு தடவ. அப்பா. சுத்துப்பா. இன்னொரு தடவ.”

அதே வார்த்தைகள். முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி. யாரோ கையில் இருக்கும் நாலு சாவியைப் பூட்டில் போட்டுப் பார்ப்பதுபோல.

அவள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். கூடம் காலியாக இருந்தது. ஓட்டுச் சந்தின் வழியே ஒரு வெளிச்சக் கோடு விழுந்தது. தரையில் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. ஒரு காலடி இல்லை.

குரல் அந்தத் தூசிக்கு மேலே, ஒரு ஆள் உயரத்தில் இருந்து வந்தது.

குழந்தை உயரத்தில் இல்லை.

அது அவளைக் கவனித்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. கூடத்துக் குளிர்ச்சி அவள் பக்கமாகத் திரும்பியது, அவ்வளவுதான் தெரியும். ஈரமண் நாற்றம் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

“போதும்டி” என்றது. “அப்பாக்குத் தல சுத்தும்.”

ஹேமாவதியின் குரல். வீடியோவின் முடிவில் அவள் சிரித்தபடி சொன்னது.

அவள் அலறினாள்.

கதவு திறந்து விக்னேஸ்வரன் ஓடிவந்தான். பின்னால் மீனாள். அவன் கூடத்தைப் பார்த்தான், சுவரோடு சரிந்துகிடந்த மனைவியைப் பார்த்தான். பயத்தைவிட எரிச்சல்தான் அவன் முகத்தில் முதலில் வந்தது.

“பிள்ளைய எதுக்குப் போதும்னு அதட்டுற? வெளையாடிக்கிட்டுதான இருந்துச்சு?”

“நான் சொல்லலங்க.”

“என் காதால கேட்டேன்.”

“நான் வாயே தெறக்கல. அது நம்ம பாப்பா இல்லங்க. சுத்துப்பான்னு எப்புடி வரும்? பல்லு விழுந்த பிள்ளைக்கு எப்புடி வரும்?”

“செத்த பிள்ளைக்குப் பல்லு கணக்கா பாக்கச் சொல்ற?”

“சரி. இம்புட்டு நாளா ஒங்ககிட்ட பேசுதே, அந்த வீடியோல இல்லாத ஒரு வார்த்தை பேசியிருக்கா? ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு.”

அவன் வாயைத் திறந்தான். யோசித்தான். வெகுநேரம் யோசித்தான்.

“நான் இருக்கப்ப ஏன் பேசலன்னு இப்பத் தெரியுதா?” என்றாள். அழுகையில் வார்த்தை உடைந்தது. “பெத்தவளுக்குத் தெரிஞ்சிரும்ல?”

மீனாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எனக்கும் தெரியும், விக்னேஷ்” என்றாள் மெதுவாக. “ராத்திரில அது எங்க வீட்டுக்காரரு மாதிரியும் பேசும். நான் அவரு பேசுனதெல்லாம் போன்ல வச்சிருந்தேன், போட்டுப் போட்டுக் கேப்பேன்.”

“பெறகு ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வர மாட்டியே.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பல வருஷமாக மனதின் ஓரத்தில் வைத்திருந்த ஒரு முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்ப்பதுபோல இருந்தது அது. குனிந்து ஹேமாவதியின் கையைப் பிடித்துத் தூக்கினான். கார்த்திகைக்குப் பிறகு அவன் அவளைத் தொட்டது அப்போதுதான்.

அந்த வாரமே மீனாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டாள்.

விக்னேஸ்வரன் ஒழுங்காகக் கடைக்குப் போனான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, “நீ அனுப்புனதால ஒண்ணும் ஆகல. அன்னைக்கு நான் வீட்ல இருந்திருந்தாலும் அனுப்பித்தான் இருப்பேன்” என்றான். அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். ஆனால் மத்தியானம் மூன்று மணி ஆனால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. எதையோ கேட்பதுபோலத் தலையைச் சாய்ப்பான். ராத்திரியில் போனில் பழைய வீடியோக்களைப் போட்டுப் போட்டுக் கேட்பான். “என்னங்க” என்றால் “ஒண்ணுமில்ல” என்பான். அந்த ‘ஒண்ணுமில்ல’வை உடைத்து உள்ளே போக அவள் எத்தனையோ முறை முயன்றாள். முடியவில்லை. பக்கத்தில்தான் இருந்தான். கிடைக்கத்தான் இல்லை.

ஆடி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. வானம் மூடி, மழைக்கு முந்திய புழுக்கம். கரண்ட் போயிருந்தது. முன்னறையில் ஜன்னல் வெளிச்சத்தில் ஹேமாவதி ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே பாயில் படுத்திருந்தான் அவன்.

“ஹேமா” என்றான் திடீரென்று. “நாம வேணும்னா கொஞ்ச நா திருப்பத்தூர்ல எங்க அக்கா வீட்ல போயி இருப்பமா?”

அவளுக்கு நெஞ்சு இளகியது. எத்தனை மாதம் கழித்து ‘நாம’ என்கிறான். நூலைப் பல்லால் கடித்துவிட்டுப் பதில் சொல்ல நிமிர்ந்தாள்.

பின்கட்டில், கிணற்றடிப் பக்கம், வாளி வைக்கிற சத்தம் கேட்டது.

ஈரமண் நாற்றம் வந்தது.

“ஏங்க.”

அவளுடைய குரல். சண்டையும் சாவும் வருவதற்கு முன்பு அவனை அவள் கூப்பிடுகிற கனிந்த குரல். அவளே மறந்துபோயிருந்த குரல்.

விக்னேஸ்வரன் எழுந்து உட்கார்ந்தான். பின்கட்டைப் பார்த்தான். பிறகு ஊசியும் கையுமாக உறைந்திருந்த ஹேமாவதியைப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அவன் பாயை விட்டு மெல்ல, அவளிடமிருந்து பின்னால் நகர்ந்தான்.

“ஏங்க” என்றது உள்ளேயிருந்து. “அங்குட்டு யாரு கூடப் பேசிக்கிட்டு இருக்கீக?”