இறக்காத கொடி

வெயில் ஏறுவதற்குள் படகு குன்றுத்தீவின் பாறையோரம் வந்து சேர்ந்தது. லெப்டினன்ட் ஸ்டேவ்லி கோணமானிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி இறங்கினார். துடுப்பு வலித்து வந்த மாலுமி ஜோரி கொடிக்கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

"பாத்து சார், சிப்பி காலைக் கிழிச்சிடும். நீங்க வழுக்கி விழுந்தா, ஜோரி தூங்கிட்டான், அதான் விழுந்தாருன்னு சொல்லிடுவானுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஸ்டேவ்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

குயின்ஸ்லாந்துக் கரையோரம், கம்பளி ஏற்றிய கப்பல்கள் போகும் வழியின் நடுவே ஒரு மணல்திட்டு இருந்தது. கடல் வற்றும்போது தலைகாட்டும், ஏறும்போது மூழ்கிவிடும். அதை வரைபடத்தில் குறிக்க, திட்டில் ஒருவன் கொடி பிடித்து நிற்பான். குன்றிலிருந்து கோணம் அளப்பார்கள். குன்றில் கொடி பறந்துகொண்டிருக்கும்வரை அவன் அசையக்கூடாது. கொடி இறங்கியதும் பக்கத்தில் கட்டிய சிறுபடகில் திரும்பிவிடலாம். அதுதான் விதி.

போன வருடம் அப்படி நின்றவன் ஜோரியின் அண்ணன் பாஸ்கோ. திரும்பவில்லை. அன்று குன்றில் தனியாக இருந்த ஸ்டேவ்லி, "நேரத்துக்குக் கொடியை இறக்கினேன். குடித்துவிட்டுத் தூங்கியிருக்கிறான்" என்று கேப்டனிடம் சொன்னார். அன்றிலிருந்து கப்பலில் ஜோரிக்குப் பெயர், தூங்குமூஞ்சியின் தம்பி.

அன்று எடுத்த அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. அதனால்தான் மறுபடியும் இந்த வேலை. இந்தமுறை திட்டில் ஆள் இல்லை. வரும் வழியில் இருவருமாக வெறும் கம்பம் ஒன்றை நட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

ஜோரி குன்றில் கொடியை ஏற்றினான். ஸ்டேவ்லி கோணமானியை நிறுத்தி, அதன் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார்.

கோணமானியின் தொலைநோக்கி எதையும் தலைகீழாகத்தான் காட்டும். மேலே கடல், கீழே வானம். அவருக்குப் பழகிய காட்சிதான். கடலிலிருந்து திட்டு தொங்கியது. திட்டிலிருந்து கம்பம் தொங்கியது.

கம்பத்தின் பக்கத்தில் ஒருவன் நின்றான்.

தலைகீழாக அல்ல, நேராக.

கால்கள் வானத்தில் ஊன்றியிருந்தன. தலை மட்டும் மேலே, கடலுக்குள். தண்ணீருக்கு அடியிலிருந்து அந்த முகம் பார்த்துக்கொண்டிருந்தது. அவரை அல்ல, அவர் தலைக்கு மேல் பறந்த கொடியை.

காற்று நின்றுவிட்டது. அழுகிய கடற்பாசியின் நாற்றம் குன்றில் ஏறி வந்தது.

கொடி மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.

"ஜோரி, திட்டுல யாரு?"

"யாருமில்லையே சார்."

"இதுல பாரு."

ஜோரி குனிந்து பார்த்தான். "கம்பம் தலைகீழா தொங்குது. மேல ஒரு கடல்காக்கா, அதுவும் தலைகீழாத்தான். வேற யாரு இருக்கணும் சார்?"

ஸ்டேவ்லி மறுபடியும் கண்ணை வைத்தார். அவன் அங்கேயேதான் நின்றான். உதடு அசையவில்லை. கை கம்பை விடவில்லை. சொன்னபடி நிற்கிறான்.

அன்றும் இப்படித்தான் நின்றான். அளவு ஒத்துவராத எரிச்சலில் ஸ்டேவ்லி திரும்பத் திரும்ப அளந்தார். தலைகீழ்க் காட்சியில் தண்ணீர் மேலிருந்து இறங்கி அவன் முழங்காலை மூடுவதைப் பார்த்தார். இடுப்பை மூடுவதையும் பார்த்தார். இன்னும் ஒரே ஒரு தடவை என்று நினைத்தார். சிறுபடகு கயிற்றை அறுத்துக்கொண்டு போன பிறகும் கொடியை இறக்க மறந்தார்.

அவர் எழுந்து கம்பத்தின் கயிற்றில் கைவைத்தார்.

"இன்னும் அளக்கவே இல்லையே சார், கொடியை இறக்கி யாரைக் கூப்பிடப் போறீங்க?"

அவர் முடிச்சை அவிழ்த்தார்.

"உன் அண்ணனை."

ஜோரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்தது. "அன்னைக்கு… இறக்கலையா?"

"இல்ல. அவன் தூங்கல ஜோரி. கடைசிவரைக்கும் நின்னான்."

ஜோரி அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலாம். அவன் பாறையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவன் குடிக்கவே மாட்டான்னு எங்கம்மா அழுதாங்க. நான்தான், உன் பிள்ளை யோக்கியதை உனக்குத் தெரியாதும்மான்னு சொன்னேன்." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "கப்பல்ல எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"அப்ப இறக்குங்க. நான் தொட மாட்டேன்."

ஸ்டேவ்லி கொடியை இறக்கினார். திட்டின் பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. அளவு எடுக்காமலே இருவரும் படகுக்கு வந்தார்கள்.

சுக்கான் பிடிப்பவனைப் பார்த்துத்தான் துடுப்பு வலிப்பவன் உட்கார வேண்டும். ஸ்டேவ்லி சுக்கானைப் பிடித்தார், ஜோரி அவருக்கு எதிரே உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவே இருந்த பலகை காலி. காய்ந்து வெளுத்திருந்த அந்தப் பலகையின் இடுக்கிலிருந்து தண்ணீர் கசியத் தொடங்கியது.

ஜோரி அதைப் பார்த்தான். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி, குளிரில் வந்தவன் தோளில் போர்த்துவதுபோல் அந்தப் பலகையின் மேலே விரித்தான்.

சட்டை கீழே விழவில்லை.

தோளளவு உயரத்தில் புடைத்து நின்றது. சட்டைக்கை இரண்டிலிருந்தும் உப்புத் தண்ணீர் சொட்டியது. ஜோரி துடுப்பை எடுத்தான். சட்டையின் கழுத்து மெல்லத் திரும்பி ஸ்டேவ்லியின் பக்கம் நின்றது.

கப்பல் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.