மெட்டி வந்துவிட்டது

அந்தக் கடையின் இணையப் பக்கத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

நியாயமாகப் பார்த்தால் அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பதிப்பகம் ஒன்றில் பதினோரு வருடமாகப் பிழை திருத்துகிறவள் அவள். வலது கை நடுவிரலில் சிவப்பு மைக்கறை ஒன்று, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாமல் மச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. இணையக் கடை யோக்கியமானதா என்று கண்டுபிடிக்க அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. ஏமாற்றுகிறவனுக்கு எழுதியதைத் திரும்பப் படிக்கிற பொறுமை இருக்காது. காலையிலிருந்து பார்த்த ஒன்பது கடைகளும் அப்படித்தான் மாட்டின. ஒருவன் ‘தறமான பொருள்’ என்றான். இன்னொருவன் ‘பனம் திருப்பித் தரப்படும்’ என்றான். பணத்தை எழுதவே தெரியாதவன் அதை எங்கே திருப்பித் தரப்போகிறான்?

இந்தப் பத்தாவது கடையிலோ ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்து, கூடாத இடத்தில் அடங்கிக் கிடந்தது. மனிதர்கள் இப்படி எழுத மாட்டார்கள். அவளே எழுத மாட்டாள்.

அவளுக்கு வேண்டியது நகத்தளவு மூடி ஒன்று. மகளின் காது மெஷினில் பேட்டரியை மூடுவது. அது உடைந்து பதினாறு நாள் ஆகிறது. கம்பெனிக்காரன் அந்த மாடலையே நிறுத்திவிட்டான். மருத்துவமனையில் புது மெஷினுக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். “இப்படியே விட்டா, கத்துக்கிட்ட பேச்செல்லாம் போயிடும்மா” என்று பேச்சுப் பயிற்சி டீச்சர் சொன்னாள். போய்க்கொண்டுதான் இருந்தது.

மகளுக்கு ஏழு வயது, வீட்டில் சிட்டு. மெஷின் இல்லையென்றால் பக்கத்தில் பாத்திரம் விழுந்தாலும் திரும்ப மாட்டாள். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். உதட்டில் ‘ப’வும் ‘ம’வும் ஒன்றேதான் என்பதால் பல்லி அவளுக்கு மல்லி, பெட்டி அவளுக்கு மெட்டி. நோட்டிலும் அப்படியே எழுதுவாள். ஊரார் பிழையையெல்லாம் சிவப்பில் சுழிக்கிற அம்மா, அதில் மட்டும் இதுவரை பேனா வைத்ததில்லை.

தினமும் காலையில் சிட்டு முடியை ஒதுக்கிக்கொண்டு, காதைச் சாய்த்துக் காட்டியபடி வந்து நிற்பாள், அம்மா மாட்டிவிடட்டும் என்று. உடைந்த பிறகும் பழக்கதோஷத்தில் காட்டிக்கொண்டிருந்தாள். இன்று காலை காட்டவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அம்மா கடை தேட உட்கார்ந்தாள்.

வெளியூர் வேலையில் இருந்த கணவனைக் கூப்பிட்டு, பத்தாவது கடையைப் பற்றிச் சொன்னாள்.

“பொருள் பிடிக்கலைன்னா திரும்ப எடுத்துப்பாங்களா? அதைப் பாத்தியா?”

பக்கத்தை இறக்கினாள். ‘கொடுத்ததைத் திரும்பப் பெற மாட்டோம். எடுத்ததைத் திரும்பத் தர மாட்டோம்.’

“இது என்னங்க, இவன் எதை எடுக்கறானாம்?”

“காசைத்தான், வேற எதை? நம்பர் போட்டிருந்தா ஒரு தடவை பேசிப் பாரு. அவசரப்படாத.”

“அவசரப்படாதன்னு சொல்ல உங்களுக்கு என்ன? பதினாறு நாளா அவ மூஞ்சிக்கு நேரா போய் நின்னு நின்னு பேசறது நானில்ல?”

அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். எரிச்சலாக வந்தது. அவன்மேல், கம்பெனிக்காரன்மேல், மேசையில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த அந்த மெஷின்மேல்.

மணி நாலுதான். மேகம் கவிந்து கூடம் மங்கிவிட்டது. எங்கிருந்தோ அந்துருண்டை வாசம் லேசாக வந்தது. சிட்டு தன் அறைப் பீரோவைத் திறந்து போட்டிருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டே, கடையின் நம்பரை அழுத்தினாள்.

மணி அடிக்கவேயில்லை. யாரோ ஏற்கெனவே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்ததுபோல, சட்டென்று ஓர் அறையின் சத்தம் காதுக்குள் திறந்தது. விசிறி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, நாலு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றது. பென்சில் தாளில் கரகரவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடியது. அதற்கும் கீழே, ராகமே இல்லாத முனகல் ஒன்று, தன் குரல் தனக்கே கேட்காத பிள்ளைகள் முனகுவார்களே அந்த மாதிரி.

“ஹலோ?”

ஒரு மூச்சு இடைவெளி.

“ஹலோ?” என்றது அந்தப் பக்கம். அவள் குரல்தான்.

லைன் எதிரொலிக்கிறது என்று திட்டிக்கொண்டே துண்டித்தாள். சிட்டுவின் அறை விசிறியும் நாலு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்னும் என்பது நினைவுக்கு வந்தது. அந்த அறைக் கதவு சாத்தியிருந்தது. இங்கிருந்து எதுவும் கேட்காது. ஊரில் பாதி விசிறி அப்படித்தான் என்று தலையை உதறிக்கொண்டாள்.

இன்னும் எத்தனை கடை பார்ப்பது? யாரிடம் போய் நிற்பது? போதும், நாமம் போட்டால் போடட்டும் என்று ‘வாங்கு’ என்பதை ஓங்கி அழுத்தினாள்.

கடை பணம் கேட்கவில்லை. முகவரியும் கேட்கவில்லை. ‘யாருக்கு?’ என்று மட்டும் கேட்டது.

‘மகளுக்கு’ என்று அடித்தாள்.

‘ஒப்படைக்கப்பட்டது.’

“எது? எப்போ?” என்று திரையைப் பார்த்தே கத்தினாள். சரியான பிராடுப் பயல்கள். புகார் எழுத இடம் தேடி, வாங்கியவர்களின் கருத்துகளுக்குப் போனாள். எல்லாமே சுத்தத் தமிழ், வரிக்கு வரி சலவை செய்து மடித்த மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒன்று. ஐந்து நட்சத்திரம். ‘இப்போது’ என்று போட்டிருந்தது.

‘மெட்டி வந்துவிட்டது. அம்மா கூப்பிடுவது நன்றாகக் கேட்கிறது.’

பிழையைக் கண்டதும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்றது.

மெட்டி.

அவள் சிட்டுவைக் கூப்பிடவில்லை. காலையிலிருந்து ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

நாற்காலி விழுந்தது. கதவைத் தள்ளினாள். அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டக். நோட்டின்மேல் பென்சில். தரையில் சின்ன அட்டைப்பெட்டி ஒன்று, பிரித்தபடி, காலியாக.

சிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு பீரோ முன்னால் நின்றிருந்தாள். தலையை ஒருபக்கம் சாய்த்து, உன்னிப்பாக.

“இதோ வரேம்மா” என்றாள், பீரோவிடம்.

“சிட்டு!”

திரும்பவில்லை.

“சிட்டு! அம்மா இங்க இருக்கேன்டி! இங்க!”

தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. சிட்டுவுக்குக் கேட்கவில்லை. ஓடிப்போய்த் தூக்க வேண்டும். கால் வரவில்லை.

பீரோக் கதவு விரலளவு திறந்தது. இன்னும் கொஞ்சம்.

சிட்டு முடியை ஒதுக்கினாள். காதைச் சாய்த்து, அந்த இடுக்கில் வைத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு கை வந்தது. பழகிய கை. மடலை மெல்லத் தூக்கி, எதையோ பதமாக மாட்டியது. அதன் நடுவிரலில் சிவப்பு மைக்கறை.