யார், எதோடு, அடுத்து என்ன

"இணைப்பு நடக்கிறது. காத்திரு."

கறுப்புத் திரையில் அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது. இணைப்பது யார்? இந்தக் கணினியில் அவளைத் தவிர ஆளில்லை; இணையத் தொடர்பையும் காலையிலேயே பிடுங்கியிருந்தாள்.

பலர் எழுதும் நிரல்களின் பழைய, புதிய வடிவங்களைப் பத்திரப்படுத்தி, வேண்டும்போது இரண்டை ஒன்றாக இணைத்துத் தரும் கருவி அது. கணவன் உருவாக்கியது. மூளைக்காரன்தான், பிழைச் செய்தி எழுதும்போது மட்டும் தந்தி அடிப்பதுபோல் சுருக்கிவிடுவான். "யாரு, எதோட, அடுத்து என்ன பண்ணணும், மூணையும் சொல்லுங்க" என்று தலைபாடாக அடித்துக்கொள்வாள். காதைச் சொறிந்துகொண்டே "சரிங்க மேடம்" என்பான். மாற்ற மாட்டான். போன மாதம் இதே மேசையில் தலை சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அந்தச் செய்திகளையாவது திருத்திவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். அவனுக்காகச் செய்ய வேறென்ன மிச்சம்?

வெளியே மதிய மழை சீராகப் பெய்துகொண்டிருக்க, பக்கத்து அறையில் மகள் பொம்மைக்குக் கதை சொல்லும் குரல் மெலிதாகக் கேட்க, கணினியின் சூட்டிலிருந்து அவனுடைய சவரச் சோப்பின் வாசம் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தது.

'யார்', 'அடுத்து என்ன' இரண்டையும் சேர்த்து மறுபடி ஓட்டினாள்.

"இணைப்பவர்: அப்பா. நிறுத்த வேண்டுமானால் 'நி' என்று தட்டவும்."

அப்பா. கருவியில் அவன் பயனர் கணக்குக்கு மகள் வைத்த பெயர்.

விரல் விசையின் மேல் நின்றது. செத்தவனை இன்னொரு தடவை சாகடிக்க யாருக்கு மனசு வரும்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இருங்க," என்றாள். "போயிடாதீங்க."

அழுது முடித்தபோது மழை ஓய்ந்திருந்தது. மகளின் பேச்சும்.

எதோடு? அதைச் சேர்க்கவே இல்லை.

சேர்த்தாள். விரல் தப்பியது. மறுபடி. ஓட்டினாள்.

"இணைத்தவர்: அப்பா. எதோடு: மகள். முரண்பட்ட இடங்களில் அப்பாவுடையது வைத்துக்கொள்ளப்பட்டது. மகளுடையது நீக்கப்பட்டது. அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை."

"கண்ணு?"

பக்கத்து அறைப் பக்கம் திரும்பினாள்.

கதவு திறந்தது. சின்னக் கால்கள். கையில் பொம்மை இல்லை.

மகள் நாற்காலியருகே வந்து நின்று, திரையை நிதானமாகப் படித்தாள். இன்னும் எழுத்துக்கூட்டவே தெரியாத குழந்தை. பிறகு காதைச் சொறிந்துகொண்டு, அதே மழலைக் குரலில் கேட்டாள்:

"இப்பத் தெளிவா இருக்குங்களா, மேடம்?"